பச்சைப் பெயின்ட் வாளி: டெட்ராய்ட்டின் பர்ப்பிள் கும்பலைச் சாய்த்த வழக்கு

1931 செப்டம்பர் 16, புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணி வாக்கில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் காலிங்வுட் அவென்யூ 1740ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நான்கு பேர் நுழைந்தார்கள். ஹைமி பால், ஜோ லெபோவிட்ஸ், இசடோர் சட்கர், அவர்களை அழைத்து வந்த சாலி லெவீன். 211ஆம் எண் வீட்டில் சமாதானப் பேச்சு என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி வந்ததால் யாரிடமும் துப்பாக்கி இல்லை.

உள்ளே பர்ப்பிள் கும்பலின் ஆட்கள் நான்கு பேர் காத்திருந்தார்கள். ரே பெர்ன்ஸ்டீன், ஹாரி பிளைஷர், இர்விங் மில்பெர்க், ஹாரி கீவெல். வந்தவர்களை உட்கார வைத்தார்கள். சுருட்டு புகைந்தது. கணக்குப் புத்தகம் கொண்டுவர வேண்டிய ஆளைக் காணோம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரே மட்டும் எழுந்து கீழே போனான். சற்று நேரத்தில் தெருவில் ஒரு காரின் என்ஜின் உறுமியது, ஹாரன் ஒலித்தது. அதுதான் சைகை. அறைக்குள் இருந்த மூவரும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார்கள். பால், லெபோவிட்ஸ், சட்கர் மூவரும் அங்கேயே செத்தார்கள். லெவீன் மீது ஒரு குண்டும் படவில்லை. அவனை நோக்கி யாரும் சுடவே இல்லை.

வெளியேறும் வழியில், சமையலறையில் இருந்த ஒரு பச்சைப் பெயின்ட் வாளிக்குள் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். துப்பாக்கிகளின் வரிசை எண்கள் முன்கூட்டியே அராவப்பட்டிருந்தன. பெயின்ட்டில் முங்கிய துப்பாக்கியில் கைரேகை நிற்காது. வேறு பெயரில் எடுத்த வாடகை வீடு, தயாராக நின்ற கார், முன்பே ஒத்துக்கொண்ட சைகை என்று எல்லாமே கச்சிதமாகத்தான் இருந்தன. ஒரே ஒரு மனிதனை மட்டும் உயிரோடு வெளியே கூட்டிப்போனார்கள்.

மேலே சொன்னதெல்லாம் பின்னால் லெவீன் நீதிமன்றத்தில் ஏறிச் சொன்னது. மதுவிலக்குக் காலத்தில் டெட்ராய்ட்டை மிரட்டிவந்த பர்ப்பிள் கும்பலின் வரலாற்றில் இது ஒரு விதிவிலக்கு. அதற்கு முந்தைய ஏழெட்டு வருடங்களில் இந்தக் கும்பல் மீது எத்தனையோ வழக்குகள் வந்தன. குண்டுவெடிப்பு, ஆள்கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், கொலை. பெரும்பாலும் எதுவும் நிற்கவில்லை. காரணம் எளிது: கண்ணால் பார்த்தவர்கள் அநேகமாக யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எப்படி உருவானது, எப்படி உடைந்தது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மதுக் கடத்தலையும் மெஷின் கன்னையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பயந்து வாயை மூடிக்கொண்ட தையல்காரரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆறும் சட்டமும்

அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது 1920 ஜனவரி 17 அன்று. ஆனால் மிச்சிகன் மாநிலம் அதற்கு முன்பே முந்திக்கொண்டது. 1916இல் வாக்காளர்கள் மதுவிலக்குக்கு ஒப்புதல் அளித்தார்கள். 1918 மே 1 முதல் மாநிலத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டன. தெற்கே பக்கத்து மாநிலமான ஒஹையோவில் அப்போது மது சட்டப்படி கிடைத்தது. டெட்ராய்ட்டிலிருந்து ஒஹையோவின் டொலீடோ நகருக்கு சுமார் 60 மைல்தான். காரில் போய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இரவில் திரும்பும் தொழில் அப்படித்தான் தொடங்கியது. ஆகவே நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தபோது டெட்ராய்ட்டின் கடத்தல்காரர்கள் புதியவர்களாக இல்லை. ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி எடுத்திருந்தார்கள்.

ஒஹையோவிலும் மதுவிலக்கு வந்த பிறகு பார்வை ஆற்றின் பக்கம் திரும்பியது. டெட்ராய்ட் ஆற்றின் அக்கரை கனடா. சில இடங்களில் ஆறு ஒரு மைல் அகலம்கூட இல்லை. எதிர்க்கரையில் விண்ட்சர் நகரம், அதை ஒட்டியே ஹைரம் வாக்கர் விஸ்கி ஆலை. அக்கரை ஒன்டாரியோ மாகாணத்திலும் அப்போது மது விற்பனைக்குத் தடை இருந்தது. ஆனால் காய்ச்சுவதற்கும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்கும் தடை இல்லை. இந்த ஓட்டைக்குள் ஒரு பெருவணிகமே நுழைந்தது. சின்ன மோட்டார் படகில் விஸ்கிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, போகுமிடம் 'கியூபா' என்று சுங்கத் தாளில் எழுதுவார்கள். காலையில் கியூபாவுக்குக் கிளம்பிய படகு மதியமே திரும்பி வந்து அடுத்த சுமையை ஏற்றும். பனிக்காலத்தில் ஆறு உறைந்தால் படகுக்குப் பதில் கார். பனிக்கட்டி உடைந்தால் குதித்துத் தப்ப வசதியாகக் கதவுகளைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். மதுவிலக்குக் காலத்தில் நாட்டுக்குள் கடத்தி வரப்பட்ட மதுவில் முக்கால் பங்கு இந்த ஆற்றையும் அதை ஒட்டிய நீர்வழிகளையும் கடந்தே வந்தது என்பது அந்தக் காலத்திலிருந்து பலரும் சொல்லிவரும் மதிப்பீடு.

ஆற்றுக்கு இக்கரையில் குடிப்பதற்கு ஆள் பஞ்சமில்லை. 1910இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 4,65,766. 1930இல் அது 15,68,662. கார் தொழிற்சாலைகள் இழுத்துவந்த கூட்டம். கையில் வாரச் சம்பளம். 'பிளைண்ட் பிக்' என்று அங்கே சொல்லப்பட்ட கள்ளக் குடிக்கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மளிகைக் கடையின் பின்கட்டிலும் வீட்டின் நிலவறையிலும் மது விற்றார்கள். நகரில் கார் தொழிலுக்கு அடுத்த பெரிய தொழில் கள்ளச்சாராயம்தான் என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது.

ஹேஸ்டிங்ஸ் தெருப் பையன்கள்

ஏப், ஜோ, ரே, இஸ்ஸி என்ற பெர்ன்ஸ்டீன் சகோதரர்கள் நால்வர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் வழியாக டெட்ராய்ட் வந்த யூதக் குடும்பம். ஹேஸ்டிங்ஸ் தெருவைச் சுற்றிய கீழை வட்டாரத்தில் வளர்ந்தார்கள். யித்திஷ் மொழி பேசும் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. தள்ளுவண்டி, தையற்கடை, இறைச்சிக்கடை, பேக்கரி. அந்தத் தெருவில் ஒரே பள்ளியில் படித்த பையன்கள் கூட்டாகச் சேர்ந்து பழக்கடையில் கைவரிசை காட்டினார்கள், சூதாடியவர்களிடம் பிடுங்கினார்கள், குடிகாரர்களை மடக்கினார்கள்.

பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. அதிகம் சொல்லப்படுவது இது: இவர்களின் சேட்டையால் பாதிக்கப்பட்ட இரண்டு கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். இந்தப் பையன்கள் மற்ற பிள்ளைகளைப் போல இல்லை, கெட்டுப்போன இறைச்சியின் நிறம் இவர்களுக்கு, ஊதா, அதாவது 'பர்ப்பிள்', என்றாராம் ஒருவர். பத்திரிகைகள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. கதை மெய்யோ பொய்யோ, அது யார் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஹேஸ்டிங்ஸ் தெருக் கடைக்காரர், சொந்தத் தெருக்காரர். இந்தக் கும்பலின் கை முதலில் பட்டது சொந்த ஜனங்களின் மீதுதான்.

இந்தப் பையன்களைத் தொழில்முறைக் குற்றவாளிகளாக வார்த்தவர்கள் சார்லஸ் லைட்டர், ஹென்றி ஷோர் என்ற இருவர். ஓக்லண்ட் அவென்யூவில் சர்க்கரைக் கிடங்கு நடத்தினார்கள். சர்க்கரை விற்பது குற்றமில்லை. ஆனால் நகரெங்கும் சாராய ஊறல் போடுவோருக்கு அந்தச் சர்க்கரை தேவை. ஆகவே 'சுகர் ஹவுஸ்' என்றாலே எல்லோருக்கும் பொருள் புரிந்தது. அங்கே காவலுக்கும் அடிதடிக்கும் நின்ற பையன்கள், சில ஆண்டுகளில் முதலாளிகளைவிடப் பெயர் பெற்றார்கள்.

மது கடத்துவதைவிட, கடத்தி வருபவனிடம் பிடுங்குவது லாபம் என்பதை அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அக்கரைக்குப் போகத் தேவையில்லை, முதல் போடத் தேவையில்லை. பறிகொடுத்தவன் போலீசுக்குப் போகவும் முடியாது. இரவில் கரையோரம் காத்திருந்து, படகு கரை தட்டும்போது துப்பாக்கியோடு வளைத்தார்கள். எதிர்த்தவர்களைக் கொன்றார்கள். குற்றவாளிகளுக்கு எதிரான குற்றத்துக்குச் சாட்சி கிடையாது என்பது அவர்கள் படித்த முதல் பாடம். அடுத்த பாடம் இன்னும் கொடியது: நேர்மையாகப் பிழைப்பவனையும் அதே மௌனத்துக்குள் தள்ள முடியும்.

சலவைக்காரர்களின் போர்

பர்ப்பிள் கும்பலின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த அத்தியாயம்தான். மதுவோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்போது டெட்ராய்ட்டில் துணி வெளுப்பதும் சாயம் ஏற்றுவதும் இரண்டடுக்குத் தொழில். தெருமுனைத் தையற்கடைக்காரர் வாடிக்கையாளரிடமிருந்து கோட்டும் கவுனும் வாங்கி, பெரிய சலவை ஆலைக்கு அனுப்புவார். அது திரும்பி வந்ததும் இஸ்திரி போட்டுக் கொடுப்பார். ஆலைகளுக்குள் போட்டி கடுமையாகி விலை சரிந்தது. 1925இல் ஆலைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். டெட்ராய்ட் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் பிரான்சிஸ் மார்ட்டெல் அதற்குப் பின்னால் இருந்தார். பெர்ன்ஸ்டீன் சகோதரர்களின் மைத்துனர் சார்லஸ் ஜேகோபியும் ஒரு சலவை ஆலையின் உரிமையாளர். சங்கத்தில் சேராதவர்களையும் சந்தா கட்டாதவர்களையும் வழிக்குக் கொண்டுவரும் வேலை பர்ப்பிள் கும்பலிடம் வந்தது.

மூன்று ஆண்டுகள் அது நடந்தது. ஆலைகளில் வெடிகுண்டு வெடித்தது. துணி ஏற்றிய வண்டிகள் மறிக்கப்பட்டன. வேலைக்காரர்கள் அடிபட்டார்கள். கடைக்குள் சகிக்க முடியாத நாற்றம் பரப்பும் குண்டுகளை வீசினார்கள். துணிகளின் மேல் சாயத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள். ஒரு தையற்கடைக்காரருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கோட்டு அவருடையது இல்லை, வாடிக்கையாளருடையது. ஒரு குடும்பத்தின் ஒரே நல்ல கோட்டாக இருக்கலாம். அதைப் பாழாக்கித் திருப்பிக் கொடுத்த கடைக்கு அடுத்த வாரம் யார் வருவார்கள்? வியாபாரத்தைக் கொல்ல ஆளைக் கொல்ல வேண்டியதில்லை. இருந்தும், இந்தத் தகராறில் ஆட்களும் கொல்லப்பட்டார்கள்.

1928இல் கடைசியில் சில உரிமையாளர்கள் துணிந்து புகார் கொடுத்தார்கள். கும்பலின் முக்கிய ஆட்கள் மிரட்டிப் பணம் பறித்த குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் நின்றார்கள். சாட்சிகள் ஏறினார்கள், பேசினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் எல்லோரும் விடுதலையானார்கள். புகார் கொடுத்தவர்களின் நிலை அன்று மாலை எப்படி இருந்திருக்கும்? வாய் திறந்தால் பயனில்லை, ஆபத்து மட்டும்தான் மிச்சம் என்று ஊரே கற்றுக்கொண்ட நாள் அது. சலவைப் போர் அத்தோடு ஓய்ந்தாலும், கும்பலுக்குக் கிடைத்த உண்மையான லாபம் அந்த விடுதலைதான்.

மெஷின் கன் வேலை செய்தது

கொலை வழக்குகளில் நிலைமை இன்னும் மோசம். 1926 கடைசியில், கும்பலுக்கு வேண்டிய ஜானி ரீட் என்ற கள்ளக் குடிக்கடைக்காரன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்குப் பழி பிராங்க் ரைட் என்பவன் மீது விழுந்தது. வெளியூரிலிருந்து வந்தவன். சூதாட்டக்காரர்களைக் கடத்திப் பணம் கேட்கும் ஆட்களோடு சேர்ந்தவன். 1927 மார்ச் 28, விடிவதற்கு முன். மிலாஃப்ளோரஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில், கடத்தப்பட்ட ஓர் ஆளுக்குரிய பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வைத்து ரைட்டையும் அவன் கூட்டாளிகள் ஜோசப் புளூம், ஜார்ஜ் கோகன் இருவரையும் வரவழைத்தார்கள். நடைகூடத்தில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது குண்டுமழை பொழிந்தது. டெட்ராய்ட்டில் குற்றவாளிகள் தாம்சன் மெஷின் கன்னைப் பயன்படுத்திய முதல் சம்பவம் இதுதான் என்கிறார்கள். இருவர் அங்கேயே செத்தார்கள். உடம்பெல்லாம் துளைபட்ட ரைட் மருத்துவமனையில் சில மணி நேரம் உயிரோடு இருந்தான். போலீஸ் அவனிடம் கேட்டது. மெஷின் கன் வேலை செய்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது என்றான். சாகும்போதும் பெயர் சொல்லவில்லை.

அந்த வீட்டோடு தொடர்புள்ளவர்கள் என்று கும்பலின் ஆட்களான ஏப் ஆக்ஸ்லரும் எடி பிளெட்சரும் பிடிபட்டார்கள். பிரெட் பர்க் என்ற கூலிக்கொலையாளி மீதும் சந்தேகம் விழுந்தது. யார் மீதும் வழக்கு நிற்கவில்லை.

காலிங்வுட் சம்பவத்தை மிலாஃப்ளோரஸ் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே அச்சு என்பது தெரியும். வாடகைக்கு எடுத்த வீடு, பேச்சு என்ற பெயரில் அழைப்பு, மூன்று பிணம். நான்கரை ஆண்டுகளுக்கு முன் பலித்த முறை மறுபடியும் பலிக்கும் என்ற நம்பிக்கை.

சிகாகோவோடு இருந்த தொடர்பையும் சொல்லிவிட வேண்டும். சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோன் டெட்ராய்ட்டுக்குள் நேரடியாக நுழையவில்லை. 'ஓல்ட் லாக் கேபின்' என்ற கனடா விஸ்கியைப் பர்ப்பிள் கும்பலிடமிருந்து வாங்கிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டான். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் கபோனின் எதிரி பக்ஸ் மொரானின் ஆட்கள் உட்பட ஏழு பேர் கொல்லப்பட்டபோது, எதிரில் வாடகைக்கு அறை எடுத்து வேவு பார்த்தவர்கள் என்று பில் கீவெல், ஹாரி கீவெல் சகோதரர்களின் புகைப்படங்களை அங்கே வீட்டு உரிமையாளர்கள் காட்டினார்கள். அந்த அடையாளம் நிலைக்கவில்லை, வழக்கும் வரவில்லை. இதற்கு மேல் இதில் நிறையக் கதைகள் புழங்குகின்றன. அவற்றை நான் நம்பத் தயாரில்லை.

ஃபோர்டின் பத்திரிகை

இந்தக் கும்பலை 'யூதக் கும்பல்' என்று எழுதும்போது அந்த நகரத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். டெட்ராய்ட்டின் பெரும்பணக்காரர் ஹென்றி ஃபோர்ட் மதுவிலக்கின் தீவிர ஆதரவாளர். அவருடைய 'டியர்பார்ன் இன்டிபென்டன்ட்' பத்திரிகை 1920 மே முதல் யூதர்களுக்கு எதிரான நச்சுக் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டது. அமெரிக்காவின் சாராய வியாபாரமே யூதர் கையில் என்பது அதில் ஒரு தனிக் குற்றச்சாட்டு. 1927இல், அவதூறு வழக்குக்குப் பிறகு, ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அந்தக் கட்டுரைகள் புத்தகங்களாகித் தொலைதூரம் போய்விட்டன.

சலவைக்கடைக்காரரின் நிலையை இங்கே வைத்துப் பாருங்கள். முன்னால் பர்ப்பிள் கும்பல், பின்னால் ஃபோர்டின் பத்திரிகை. எதிர்த்துப் பேசினால் கும்பல் குண்டு வைக்கும். ஊர் முழுக்கத் தெரிந்தால், பார்த்தீர்களா இவர்கள் இப்படித்தான் என்று அந்தப் பத்திரிகையின் வாசகர்கள் சொல்வார்கள். கும்பலில் எக்காலத்திலும் இருந்தது சில டஜன் பேர். டெட்ராய்ட்டில் யூதர்கள் பல்லாயிரம். அந்தச் சில டஜன் பேரால் அதிகம் அடிவாங்கியவர்களும் அந்தப் பல்லாயிரத்தில்தான் இருந்தார்கள். இதே ஆற்றில் இத்தாலியரும் ஐரிஷ்காரரும் பரம்பரை அமெரிக்கரும் மது கடத்தினார்கள். கும்பலின் பிறப்புக்கு மதத்தில் காரணம் தேடுவது வீண். ஒரு மைல் அகல ஆறும், யாரும் மதிக்காத சட்டமும், லஞ்சம் வாங்கிய போலீசும் இருந்த இடத்தில், கையில் படிப்போ தொழிலோ இல்லாத தெருப் பையன்கள் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

கொலையுண்ட மூவர்

சட்கர், லெபோவிட்ஸ், பால் மூவரும் சிகாகோவிலிருந்து வந்தவர்கள். கும்பலின் படகுப் பிரிவுக்கு 'லிட்டில் ஜூயிஷ் நேவி' என்று ஒரு பெயர் உண்டு. சின்ன யூதக் கடற்படை. அதில் இவர்கள் இருந்தார்கள். காலப்போக்கில் தனிக்கடை போட ஆசைப்பட்டார்கள். மற்றவர்களின் எல்லைக்குள் போய் வசூலித்தார்கள், கூட்டாளிகளை ஏமாற்றினார்கள். லெவீனோடு சேர்ந்து குதிரைப் பந்தயத்தில் பந்தயப் பணம் வாங்கும் புக்கி தொழிலும் நடத்தினார்கள். பந்தயத்தில் பெரிய தொகை கொடுக்க வேண்டி வந்தபோது கையைக் கடித்தது. பர்ப்பிள் கும்பலிடமே கடனுக்கு விஸ்கி வாங்கி, கலப்படம் செய்து, மலிவாகத் தள்ளிப் பணம் புரட்டினார்கள். அந்த மாதம் டெட்ராய்ட்டில் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் தேசிய மாநாடு நடக்கவிருந்தது. ஆயிரக்கணக்கானோர் வருவார்கள், குடிப்பார்கள், கடனை அடைத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு சமாதானத்துக்கு அழைப்பு வந்தது.

அழைப்பைக் கொண்டுவந்தவன் லெவீன். அவனை ரே பெர்ன்ஸ்டீன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. இருவரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். லெவீன் சொன்னால் மற்ற மூவரும் நம்புவார்கள்.

சுட்டு முடித்ததும் லெவீனையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் உன் சிநேகிதன் என்று ரே அவனிடம் சொன்னதாக லெவீன் பின்னால் சாட்சியம் அளித்தான். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, நீ உன் கடைக்குப் போய் இரு, பிறகு வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று இறக்கிவிட்டார்கள். எதற்காகக் கூட்டிப்போக வருவார்கள் என்பது லெவீனுக்குத் தெரியாமலில்லை. பிணங்கள் கிடந்த இடத்திலிருந்து விசாரணை அவனிடம் சீக்கிரமே வந்து சேர்ந்தது. மூவரின் கூட்டாளியான அவனைப் போலீஸ் பிடித்து உட்கார வைத்தது. முதலில் மழுப்பினான். பிறகு பெயர்களைச் சொன்னான்.

ரே ஏன் அவனைக் கொல்லாமல் விட்டான்? அன்றைக்கே கொல்ல மனம் வரவில்லை என்பார்கள் சிலர். பழியை அவன் தலையில் கட்டிவிட்டுப் பிறகு முடிக்க நினைத்தார்கள் என்பார்கள் சிலர். என் கருத்து இது: இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். ஆனால் அடியில் இருந்தது வேறொரு நம்பிக்கை. தங்களுக்கு எதிராக யாரும் பேச மாட்டார்கள் என்பதை அவர்கள் இயற்கை விதி போல எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சலவைக்காரர்கள் பேசித் தோற்றார்கள். சாகக் கிடந்த ரைட்கூடப் பேசவில்லை. சிநேகிதன் எப்படிப் பேசுவான்? இத்தனை ஆண்டுகளாகப் பிறருடைய பயத்தை முதலாகப் போட்டு வியாபாரம் செய்தவர்கள், பயம் மறுபக்கமும் திரும்பும் என்பதை எண்ணவில்லை. லெவீன் பேசியது துணிவால் அல்ல. வெளியே போனால் சாவு, உள்ளே பேசினால் உயிர் என்ற கணக்கு அவனுக்கு அன்று தெளிவாக இருந்தது.

வழக்கு

இரண்டு நாளில் ரே பெர்ன்ஸ்டீனும் ஹாரி கீவெலும் பிடிபட்டார்கள். மில்பெர்கும் விரைவிலேயே சிக்கினான். பிளைஷர் மறைந்துவிட்டான். அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஹாரி டாய் காலம் கடத்தவில்லை. முந்தைய வழக்குகளில் தாமதம்தான் சாட்சிகளைத் தின்றது. சாட்சிக்கு மிரட்டல் வரும், ஊரைவிட்டுப் போவான், நினைவு மங்கிவிட்டது என்பான். இம்முறை லெவீன் பலத்த காவலுக்குள் வைக்கப்பட்டான். கொலை நடந்து ஏழு வாரத்துக்குள், நவம்பர் தொடக்கத்தில், நீதிபதி டொனால்ட் வான் சைல் முன்னிலையில் விசாரணை தொடங்கியது.

லெவீன் கூண்டில் ஏறினான். எதிரே அவனோடு தெருவில் விளையாடிய ரே உட்கார்ந்திருந்தான். அறை, சோபா, சுருட்டு, ஹாரன் சத்தம், யார் யாரைச் சுட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எதிர்த்தரப்பு அவனை உடைக்கப் பார்த்தது. இவனும் சட்டவிரோதப் பேர்வழிதான், இவன் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்டது. ஜூரிகள் நம்பினார்கள். நவம்பர் 10 அன்று, ஒதுங்கிப் பேசிய இரண்டு மணி நேரத்துக்குள், மூவரும் முதல் தரக் கொலைக் குற்றவாளிகள் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சிகன் 1846லேயே கொலைக்கு மரண தண்டனையை ஒழித்த மாநிலம். ஆகவே ஆயுள் சிறை. மூவருக்கும் வயது முப்பதைத் தொடவில்லை. மாநிலத்தின் வடகோடியில் உள்ள மார்க்கெட் சிறைக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள்.

மறைந்திருந்த பிளைஷர் அடுத்த ஆண்டு தானாகவே வந்து ஆஜரானான். அவன் மீதான வழக்கு நிற்கவில்லை. ஒரே சாட்சியின் மேல் கட்டிய வழக்கின் பலமும் பலவீனமும் அதுவே.

காலிங்வுட்டுக்குப் பிறகு

மிச்சம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் தின்றார்கள். 1933 ஏப்ரல் 10 அன்று, மதுவிலக்கை நீக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை முதல் மாநிலமாக மிச்சிகனே அங்கீகரித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 5இல் நாடு முழுவதும் மதுவிலக்கு முடிந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, நவம்பர் கடைசியில், நகருக்கு வெளியே ஒரு கிராமச் சாலையில் நின்ற காரின் பின்சீட்டில் ஆக்ஸ்லரும் பிளெட்சரும் பிணமாகக் கிடந்தார்கள். கொன்றவர்கள் இருவர் கைகளையும் கோத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் கொன்றார்கள் என்பதற்கு இம்முறையும் சாட்சி இல்லை. 1937 நவம்பரில், 12ஆம் தெருவில் யூதர்கள் கூடும் ஓர் உணவகத்தில் கும்பலைச் சேர்ந்த ஹாரி மில்மன் சுட்டுக் கொல்லப்பட்டான். இத்தாலியக் குழுக்களின் கை ஓங்கிவிட்ட காலம். சூதாட்டமும் பந்தயமும் அவர்களிடம் போயின.

மூத்தவன் ஏப் பெர்ன்ஸ்டீன் எந்தப் பெரிய தண்டனையும் அனுபவிக்கவில்லை. டெட்ராய்ட்டின் புக்-கெடிலாக் ஓட்டலில் அறை எடுத்து வாழ்ந்து 1968இல் இறந்தான். இர்விங் மில்பெர்க் 1938இல் சிறையிலேயே செத்தான். ஹாரி கீவெல் 34 ஆண்டுகள் கழித்து 1965இல் வெளியே வந்தான். பக்கவாதத்தால் முடங்கிய ரே பெர்ன்ஸ்டீனை 1964இல் விடுவித்தார்கள். நடக்க முடியவில்லை. 1966 ஜூலையில் இறந்தான். அவன் வளர்ந்த ஹேஸ்டிங்ஸ் தெரு அதற்குள் இல்லை. நெடுஞ்சாலைக்காக இடித்துவிட்டார்கள்.

காலிங்வுட்டிலிருந்து தப்பிய ஹாரி பிளைஷரின் பெயர் இன்னொரு முறை பெரிதாக வந்தது. 1945 ஜனவரி 11. மிச்சிகன் மாநில செனட்டர் வாரன் ஹூப்பர், தலைநகர் லான்சிங்கிலிருந்து ஆல்பியனில் உள்ள தன் வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோது சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குதிரைப் பந்தயச் சட்டம் தொடர்பான லஞ்ச விசாரணையில் அவர் சாட்சி சொல்லவிருந்தார். தானும் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு, மற்றவர்களைப் பற்றிப் பேச முன்வந்தவர். அவரைக் கொல்லச் சதி செய்த குற்றத்துக்காக ஹாரி பிளைஷர், அவன் தம்பி சாம், மைக் செலிக், பீட் மஹோனி ஆகிய நால்வருக்கும் தண்டனை கிடைத்தது. சாலி லெவீன் கூண்டில் ஏறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகவில்லை. ஹூப்பரைச் சுட்டது யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.